பழைய பல்லி, ஓணான் படங்கள்: தேடுறதுல இருந்து சுவத்துல மாட்டுற வரைக்கும்

எங்க வீட்டு ஹால்ல நாலு ஃப்ரேம் மாட்டி வச்சிருக்கேன். ஒண்ணுல பச்சோந்தி, ஒண்ணுல உடும்பு, ஒண்ணுல பறக்கும் ஓணான், இன்னொண்ணுல எனக்கே சரியா பேர் தெரியாத ஒரு பிரேசில் பல்லி. வர்ற சொந்தக்காரங்க "சாமி படம் மாட்டுற இடத்துல இதென்னப்பா கருமம்"னு கேட்டுட்டு, காபி ஆறுறதுக்குள்ள எந்திரிச்சுப் போய் மூக்கு கண்ணாடில முட்டுற அளவுக்கு நின்னு பாத்துட்டு இருப்பாங்க. 200 வருஷம் முன்னாடி ஒருத்தர் உக்காந்து செதில் செதிலா போட்டது, தள்ளி நின்னு பாக்க முடியாது.

இதுல இறங்கி ஆறு வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷம் நல்லா ஏமாந்தேன், அதை கீழ சொல்றேன். காசு குடுக்குறதுக்கு முன்னாடி கண்ணைப் பழக்கிக்கணும், அதுக்கு பத்து பைசா செலவு கிடையாது. அதனால வாங்குற ஸ்டெப் இதுல ரொம்ப பின்னாடிதான் வரும், ஸ்க்ரோல் பண்ணி நேரா அங்க போயிடாதீங்க.

ஸ்டெப் 1: எந்தக் காலம், யார் கைனு ஒரு ஐடியா வச்சுக்கோங்க

எல்லாரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஏழெட்டு பேர் தெரிஞ்சா போதும், மீதி தானா ஒட்டிக்கும்.

மரியா சிபில்லா மெரியன். 1699ல தன் 52 வயசுல, சின்ன பொண்ணையும் கூட்டிக்கிட்டு, ஆம்ஸ்டர்டாம்ல இருந்து தென்னமெரிக்கா சுரினாமுக்கு கப்பல் ஏறுனாங்க. பூச்சி வளர்ச்சியைப் பாக்கத்தான் போனது, ஆனா 1705ல வந்த அவங்க புக்ல மரவள்ளிச் செடிக்கு கீழ தெகுங்கிற தென்னமெரிக்கப் பல்லியோட குட்டி ஒண்ணு உக்காந்திருக்கும், வாழைக்குலைக்கு கீழ ஒரு நீலப் பல்லி இருக்கும். அந்த நீலப் பல்லியோட முட்டையை ஊருக்குத் திரும்புறப்ப கப்பல்ல எடுத்துட்டு வந்தாங்களாம், நடுக்கடல்ல குஞ்சு பொரிச்சு அப்புறம் செத்துப்போச்சுனு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. உயிரோட பாத்து வரைஞ்ச கைக்கும் பாட்டில்ல பாத்து வரைஞ்ச கைக்கும் வித்தியாசம் வேணும்னா மெரியன்ல இருந்து ஆரம்பிங்க.

ஆல்பர்ட்டஸ் செபா. ஆம்ஸ்டர்டாம்ல மருந்துக்கடை வச்சிருந்தவர். துறைமுகத்துக்கு வர்ற மாலுமிகளுக்கு மருந்து குடுத்து, பதிலுக்கு பாம்பு, பல்லி, சங்குனு வாங்கி சேத்திருக்கார். முதல் கலெக்‌ஷனை ரஷ்ய ஜார் பீட்டர் மொத்தமா வாங்கிட்டார், மனுஷன் அசராம மறுபடி முதல்ல இருந்து சேத்தார். அந்த ரெண்டாவது கலெக்‌ஷனை வரைய வச்சு போட்ட புக்தான் நாலு வால்யூம், 446 தகடு (தகடுன்னா தனித் தாள்ல அச்சடிச்ச படம்), 1734ல ஆரம்பிச்சு 1765ல முடிஞ்சது. அவர் 1736லயே போயிட்டார். லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் விஞ்ஞானி உயிரினங்களுக்கு பேர் வச்சப்ப பல இடத்துல செபாவோட படத்தைத்தான் ஆதாரமா காட்டியிருக்கார். அதே புக்ல ஏழு தலை நாகமும் இருக்கு, ஹாம்பர்க்ல இருந்த பொருளைப் பாத்துப் போட்டது. 1735ல லின்னேயஸ் நேர்ல போய் பாத்துட்டு, இது மரநாய் மாதிரி ஏதோ மிருகத்தோட தாடையை வச்சு பாம்புத்தோல் ஒட்டுன டூப்னு சொல்லிட்டார். ஸோ, பழசுங்கிறதுக்காக எல்லாத்தையும் நம்பிடக்கூடாது.

மார்க் கேட்ஸ்பி அமெரிக்காவோட கரோலைனா பக்கம் சுத்துனவர், 1729ல இருந்து 1747 வரைக்கும் 220 படம். தகடு வெட்டுறவங்களுக்கு குடுக்க காசு இல்லாம தானே எட்சிங் (அமிலத்தால தகட்டை அரிச்சு கோடு போடுறது) கத்துக்கிட்டு போட்டார். கோடு கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், எனக்கு அதான் பிடிக்கும். பச்சைப் பல்லி, நீலவால் பல்லி எல்லாம் இவர்கிட்ட இருக்கு.

1800க்கு அப்புறம் கல்லச்சு வருது, அதாவது லித்தோ, கல்லு மேல வரைஞ்சு அச்சடிக்கிறது. அதைக் கண்டுபிடிச்சது ம்யூனிக்ல. பிரேசில் போயிட்டு 1820ல திரும்புன ஸ்பிக்ஸ் அதே ம்யூனிக்ல 1825ல பிரேசில் பல்லிகளுக்குனே தனியா ஒரு புக் போட்டார். நம்ம பக்கத்து ஜீவன்கள் வேணும்னா ரெண்டு புக். ஒண்ணு ஹார்ட்விக்கும் க்ரேயும் போட்ட இந்திய விலங்கியல் படங்கள், 1830ல தொடங்குனது, 202 கலர் தகடு. ஹார்ட்விக் ஈஸ்ட் இந்தியா கம்பெனி ராணுவத்துல இருந்தவர், இங்க உள்ள ஓவியர்களை வச்சு ஆயிரக்கணக்குல வரைய வச்சார், அதைத்தான் லண்டன்ல கல்லுல ஏத்தினாங்க. இன்னொண்ணு குந்தர் 1864ல போட்ட பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன, 26 தகடு, கலர் கிடையாது. வரைஞ்சது ஜார்ஜ் ஹென்றி ஃபோர்ட். கலர் இல்லையேனு தாண்டிப் போயிடாதீங்க. ஃபோர்டோட படத்துல செதிலை நீங்க எண்ணலாம், சும்மா சொல்லல, ஆராய்ச்சி பண்றவங்க நெஜமாவே எண்ணுவாங்க.

கடைசியா ஹேக்கல், ஜெர்மன் விலங்கியல்காரர். 1899ல இருந்து 1904 வரைக்கும் பத்துப் பத்தா வந்த 100 படம், அதுல 79வது பல்லிகளுக்கு. பேசிலிஸ்க், பறக்கும் ஓணான், ஆஸ்திரேலியா முள் பிசாசு, கழுத்துல குடை விரிக்கிற ஓணான் எல்லாம் ஒரே தாள்ல. இன்னைக்கு காபி ஷாப் சுவர்ல தொங்குறதுல பாதி இதான்.

ஸ்டெப் 2: ஓசில பாருங்க, நிறைய பாருங்க

பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரினு ஒண்ணு இருக்கு, உலகத்துல உள்ள பெரிய மியூசியம் நூலகங்கள் எல்லாம் சேந்து நடத்துறது, 6 கோடி பக்கத்துக்கு மேல ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா வச்சிருக்காங்க. மேல சொன்ன புக்குல பெரும்பாலானது அங்கயே கிடைக்கும். இன்டர்நெட் ஆர்கைவ், விக்கிமீடியா காமன்ஸ், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் சைட், இதெல்லாம் அடுத்து.

தேடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இன்னைக்கு உள்ள அறிவியல் பேரை மட்டும் போட்டா பாதி தப்பிடும், ஏன்னா அந்தக் காலத்துல பேர் வேற. நம்ம வேலி ஓணான், இப்ப கேலோட்டஸ் வெர்சிகலர், இதுக்கு 1802ல டாடின்ங்கிற பிரெஞ்சுக்காரர் வச்ச பேர் அகாமா வெர்சிகலர். உடும்புக்கும் அவர்தான் அதே வருஷம் பேர் வச்சார், ஆனா டூபினாம்பிஸ்னு, அது இன்னைக்கு தென்னமெரிக்க தெகு பல்லியோட பேர். அதனால உடும்பு தேடுறவங்க வரானஸ்னு மட்டும் அடிச்சா பழைய உடும்பெல்லாம் தெகு கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். அதுக்கும் முன்னாடி போனா எல்லாமே லாசெர்டாதான், முதலை கூட. விசிறி மாதிரி தொண்டைல நீலக் கொடி காட்டி ஓடுற சின்ன ஓணான் இருக்குல்ல, சிட்டானா, அதுக்கு 1829ல குவியே வச்ச பேர்ல பாண்டிச்சேரி இருக்கு, சிட்டானா பாண்டிசெரியானானு. இந்த ஒரு பேரைப் பிடிச்சுட்டுப் போயே நான் ஒரு ஞாயித்துக்கிழமை ஃபுல்லா ஓட்டியிருக்கேன்.

மொழியும் மாத்திப் பாருங்க. ஜெர்மன்ல ஐடெக்ஸன், பிரெஞ்சுல லெஸார், டச்சுல ஹாகெடிஸ். ஸ்பெல்லிங் கூகுள்ல போட்டா வந்துடும்.

ஒரு மாசமாவது இப்படியே பாருங்க. தினம் பத்து தகடு. ஃபுல் சைஸ்ல ஸூம் பண்ணி, கண், விரல், வால் நுனி. பச்சோந்தி படம்னா விரலை எண்ணுங்க. முன்னங்கால்ல உள்பக்கம் மூணு விரல் ஒண்ணா ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் ரெண்டு. பின்னங்கால்ல இது தலைகீழ், உள்ள ரெண்டு வெளிய மூணு. பழைய படங்கள்ல நிறைய பேர் நாலு காலையும் ஒரே மாதிரி போட்டிருப்பாங்க, சிலர் பறவைக் கால் மாதிரி போட்டிருப்பாங்க. சரியா போட்டிருந்தா அந்த ஆள் ஜீவனைக் கைல வச்சுப் பாத்திருக்கார்னு அர்த்தம். தப்பா இருந்தா இன்னொருத்தர் படத்தைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்க நிறைய சான்ஸ்.

காப்பின்னு சொன்னதும் இன்னொண்ணு. தகட்டுல வெட்டுறது அச்சுல இடது வலதா மாறி விழும். ஒரு படத்தைப் பாத்து அப்படியே இன்னொரு தகட்டுல வெட்டினா புதுப் படம் திரும்பி நிக்கும். செபாவோட ஓணான் இடது பக்கம் பாத்துட்டு இருக்கு, வேற ஏதோ கலைக்களஞ்சியத்துல அதே ஓணான் அதே வளைவோட வலது பக்கம் பாக்குதுன்னா, சுட்டுருக்காங்கனு புரிஞ்சுக்கலாம். அந்தக் காலத்துல இது சர்வ சாதாரணம்.

ஸ்டெப் 3: படத்துக்கு கீழ இருக்குற பொடி எழுத்தைப் படிங்க

லத்தீன்ல சுருக்கமா இருக்கும், பயப்படாதீங்க. பேருக்குப் பின்னாடி டெல்னு முடிஞ்சா அவர் வரைஞ்சவர். ஸ்க் அல்லது ஸ்கல்ப்னு இருந்தா தகடு வெட்டினவர். லித்னு இருந்தா கல்லுல ஏத்தினவர். இம்ப்னு இருந்தா அச்சடிச்சவர். டாப்னு போட்டு ஒரு ரோமன் நம்பர் இருந்தா அது தகட்டு எண். இதுல எதுவுமே இல்லாம வெறும் பல்லி மட்டும் இருந்தா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க, ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஆனா விலை குறைச்சுக் கேக்கலாம்.

பெரும்பாலும் டெல் இருக்குறவர் வேற, ஸ்க் இருக்குறவர் வேற. அதாவது பல்லியைப் பாத்தவர் ஒருத்தர், அவர் வரைஞ்சதைப் பாத்து வெட்டினவர் வேற ஒருத்தர், அவர் ஜென்மத்துல அந்தப் பல்லியைப் பாத்திருக்க மாட்டார். கலர் போட்டது மூணாவது ஆள்.

ஸ்டெப் 4: லூப் வச்சுப் பாக்குறது, இதான் மெயின்

நகைக்கடைல கல்லு பாக்க கண்ணுல வச்சுப்பாங்கல்ல, பத்து மடங்கு லூப், அது ஒண்ணு வாங்கிக்கோங்க. ரொம்ப விலை இல்ல. மேக்ரோ நல்லா எடுக்குற போன் இருந்தா அதுவும் ஓகே.

என் கதையை இங்க சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட "18ஆம் நூற்றாண்டு ஒரிஜினல், செபா பச்சோந்தி"னு 4,500 ரூபாய்க்கு வாங்குனேன். ஃப்ரேமோட வந்துச்சு. தாள் பழுப்பு, ஓரத்துல கறை, படத்தை சுத்தி தகடு அழுத்தின பள்ளம் கூட இருந்துச்சு. எட்டு மாசம் பெருமையா மாட்டி வச்சிருந்தேன். அப்புறம் லூப் வாங்கி முதல் வேலையா அதைக் கழட்டி பச்சோந்தி கண்ணு மேல வச்சேன். குட்டிக் குட்டிப் புள்ளி, நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு, எல்லாம் வரிசையா ரோஜாப்பூ மாதிரி அடுக்கி. நம்ம கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அடிக்கிற அதே ஆஃப்செட். டீத்தண்ணி பூசி பழுப்பாக்கி, பள்ளத்தைத் தனியா அழுத்தியிருக்காங்க. வித்தவருக்கு மெசேஜ் போட்டேன், அக்கவுன்ட்டே இல்ல.

ஸோ லூப்ல என்ன பாக்கணும்.

வரிசையான கலர் புள்ளி இருந்தா அது நவீன அச்சு, கதை முடிஞ்சது. கருப்பு மட்டும் வரிசைப் புள்ளியா இருந்தா ஹாஃப்டோன், 1880களுக்கு அப்புறம்தான் அது பரவுச்சு, ஸோ 1750னு சொல்லி வித்தா பொய்.

செப்புத்தகடுன்னா புள்ளியே இருக்காது, எல்லாம் கோடு. கோடு ஆரம்பிக்கிற இடம் ஊசி மாதிரி இருக்கும், நடுவுல தடிக்கும், திரும்ப ஊசியா முடியும். மை தாளுக்குள்ள ஊறிப் போன மாதிரி இருக்காம மேல நிக்கும், விளக்கை சாய்ச்சுப் பிடிச்சா கோட்டோட மேடு தெரியும். எட்சிங்னா கோடு ஒரே தடிமனா, நுனி மொட்டையா இருக்கும், கேட்ஸ்பில இது நல்லா தெரியும். படத்தை சுத்தி செவ்வகமா தகடு அழுத்தின பள்ளம் இருக்கணும். பள்ளத்தை மட்டும் நம்பினா என் கதி தான், கோட்டைப் பாருங்க. மெரியன்ல ஒரு விதிவிலக்கு இருக்கு. ஈரமான அச்சு மேல இன்னொரு தாளை வச்சு அழுத்தி எடுத்த பிரதிகள் உண்டு, அதுல பள்ளம் இருக்காது, கோடும் மங்கலா பென்சில் மாதிரி இருக்கும், படமும் திரும்பியிருக்கும். அது ஒரிஜினல்தான், இன்னும் அரிதானதும் கூட, ஆனா அந்த விலைக்கு நானும் நீங்களும் போகப் போறதில்ல.

லித்தோன்னா பள்ளம் கிடையாது. கல்லுல மெழுகு சாக்பீஸால வரைஞ்சது, அதனால லூப்ல பாத்தா சொரசொரப்பா மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாத துகளா இருக்கும். ஃபோர்ட் வரைஞ்ச பல்லியோட வயித்துப் பக்கம் லூப் வச்சு பாருங்க, ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெறும் தாள், அந்த வெறும் தாள் தான் பளபளப்பா தெரியுது, வெள்ளை எதுவும் பூசல.

கலர் லித்தோன்னா ஒவ்வொரு கலருக்கும் தனிக் கல்லு. புள்ளி இருக்கும், ஆனா கையால வச்ச புள்ளி, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, வரிசை இருக்காது. 19ஆம் நூற்றாண்டு கடைசில வந்த ஜெர்மன் கலைக்களஞ்சியங்கள், ஹேக்கல் எல்லாம் இந்த வகை. ஓரத்துல ஒரு கலர் லேசா விலகியிருந்தா சந்தோஷப்படுங்க, கல்லு மாத்தி மாத்தி அடிச்சதுக்கு அடையாளம் அது.

ஸ்டெப் 5: கலர்

1830க்கு முன்னாடி உள்ள கலர் படம்னா பெரும்பாலும் கையால வாட்டர்கலர் போட்டது. கோட்டைத் தாண்டி எங்கயாவது வழிஞ்சிருக்கும், ஒரு ஓரத்துல கலர் தேங்கி அடர்த்தியா இருக்கும். செபா புக் நிறைய பேருக்கு கருப்பு வெள்ளையாத்தான் போச்சு, வாங்குனவங்க தனியா ஆள் வச்சு கலர் போட்டுக்கிட்டாங்க. அதனால ஒரே தகட்டோட ரெண்டு பிரதில ஓணான் ஒண்ணுல பச்சை, ஒண்ணுல பழுப்பா இருந்தா குழம்பிக்காதீங்க.

இதுல ஒரு வில்லங்கம், கருப்பு வெள்ளை ஒரிஜினல்ல போன வருஷம் கலர் போட்டு வித்தாலும் விக்கலாம். அதுக்கு எனக்குப் பிடிச்ச டெஸ்ட் ஒண்ணு இருக்கு, பல்லிப் படத்துக்கு இது அல்வா மாதிரி. பழைய பச்சைல நிறைய செம்புக் களிம்புல செஞ்சது. அது வருஷக்கணக்குல தாளை மெதுவா அரிக்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, பச்சை இருக்குற இடத்துல பின்னாடி பழுப்பா ஓணான் உருவமே தெரியும். அப்படித் தெரிஞ்சா கலரும் பழசு. தெரியலைன்னா புதுசுன்னு முடிவு கட்டிடாதீங்க, எல்லா பச்சையும் களிம்பு இல்ல.

அப்புறம் நீலப் பல்லிகள். பழைய புக்ல எங்க பாத்தாலும் நீலமா இருக்கும், அவ்ளோ நீலப் பல்லி உலகத்துல கிடையாது. பச்சைப் பல்லியை ஸ்பிரிட்ல போட்டா மஞ்சள் கலர் கரைஞ்சு போயிடும், மிச்சம் நீலம். ஆறு மாசம் கப்பல்ல பாட்டிலுக்குள்ள ஆடிட்டு வந்து சேந்ததைப் பாத்து ஓவியர் நேர்மையா நீலம்னு போட்டிருப்பார். பாட்டில் பல்லிக்கு இன்னும் சில அடையாளம் உண்டு. வால் தேவையில்லாம சுருண்டிருக்கும், தோள்பட்டை உப்பியிருக்கும், கண் வெந்த மீன் கண்ணு மாதிரி வெளுத்திருக்கும். மெரியனோட தெகுவைப் பாத்துட்டு இதைப் பாத்தா சட்டுனு பிடிபடும்.

ஸ்டெப் 6: தாள்

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. நெருக்கமா மெல்லிய கோடு கோடா தெரிஞ்சா பழைய கம்பி வலைத் தாள். கோடே இல்லாம சமமா இருந்தா வழவழப்பு வலைத் தாள், அது இங்கிலாந்துல 1757 வாக்குலதான் வந்துச்சு, பரவலானது 1800 பக்கம். இது ஏன் முக்கியம்னா, செபாவோட அதே பழைய செப்புத்தகட்டை வச்சு 1827ல இருந்து பாரிஸ்ல திரும்ப அச்சடிச்சாங்க. தகடு அதேதான், கோடு அதேதான், லூப்ல பாத்தா பாஸ் ஆயிடும். தாள்தான் காட்டிக் குடுக்கும். அதுவும் 200 வருஷப் பழசுதான், ஆனா 1734 விலை குடுக்காதீங்க.

இன்னொரு டெஸ்ட், கள்ள நோட்டு பாக்குற யூவி டார்ச். இருட்டு ரூம்ல அடிச்சா தாள் பளிச்சுனு நீல வெள்ளையா மின்னுச்சுன்னா அதுல வெளுப்புக் கெமிக்கல் இருக்கு, அது ஏறக்குறைய 1950க்கு அப்புறம் வந்த சமாச்சாரம். டீ பூசின தாளா இருந்தாலும் இதுல மாட்டும்.

பழுப்புப் புள்ளி இருந்தா அது இயற்கை. கொஞ்சமா இருந்தா விடுங்க. பிளீச் போட்டு சுத்தம் பண்றேன்னு யாராவது சொன்னா குடுக்காதீங்க. லேமினேஷன் பண்ணிடலாமானு வீட்ல கேப்பாங்க, ரேஷன் கார்டுல இருந்து ஜாதகம் வரைக்கும் பண்ணி பழகிட்டோம். பண்ணிட்டா அவ்ளோதான், திரும்ப எடுக்கவே முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்.

ஸ்டெப் 7: வாங்குறது

ஆரம்பத்துல பெரிய பேர் பக்கம் போகாதீங்க. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கலைக்களஞ்சியத்துல இருந்து பிரிஞ்ச கலர் லித்தோ, பிரெஞ்சு அகராதிகள்ல இருந்து வந்த சின்ன எஃகுத்தகட்டுப் படங்கள், இதெல்லாம் ஐரோப்பாவுல பழைய படம் விக்கிற கடைகள்ல ஒரு ஜீன்ஸ் பேன்ட் விலைக்குக் கிடைக்கும். ஆயிரக்கணக்குல அச்சடிச்சது, யாரும் மெனக்கெட்டு டூப் பண்ண மாட்டாங்க, கை பழக நல்லது.

விக்கிறவர்கிட்ட மூணு போட்டோ கேளுங்க. முழுத் தாள் ஓரத்தோட, தாளோட பின்பக்கம், பல்லியோட கண்ணுல ஒரு க்ளோஸப். நல்ல வியாபாரி கேக்காமலே அனுப்புவார். க்ளோஸப் அனுப்ப சாக்கு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. எந்தப் புக், எந்த வருஷம், எந்தத் தகடுனு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. "செபா ஸ்டைல்", "வின்டேஜ் லுக்", "பழைய தகட்டின் படி" இதெல்லாம் போட்டிருந்தா ஒரிஜினல் இல்லைனு அவரே சொல்றார், நம்ம கண்ணுதான் அதைத் தாண்டிப் போயிடுது. இங்க கஸ்டம்ஸ்ல என்ன வரும்னு கூரியர்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. இங்க இருந்து 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டப்படி கட்டுப்பாடு இருக்கு, திருப்பி அனுப்பிக்கலாம்னு நினைச்சு வாங்குறவங்க அதையும் யோசிங்க.

முழுசா இருக்குற புக்கைப் பிரிச்சு தாள் தாளா விக்கிறவங்க இருக்காங்க. அப்பதான் பிரிச்சதுன்னு தெரிஞ்சா நான் வாங்குறதில்ல. ஏற்கனவே பல கை மாறி வந்த தனித் தாளுக்கு மட்டும்தான் காசு. இது என் கொள்கை, உங்களுக்கு எப்படியோ.

ஸ்டெப் 8: நீங்களே பிரிண்ட் போடுறது

உண்மையைச் சொல்லணும்னா என் நாலு ஃப்ரேம்ல ரெண்டு இப்படித்தான். செபா, ஹேக்கல் எல்லாம் காப்பிரைட் போயி ரொம்ப நாளாச்சு, இந்தியால ஆசிரியர் இறந்து 60 வருஷம் கணக்கு. ஆனா சில மியூசியங்கள் தங்களோட ஸ்கேனுக்கு தனி கண்டிஷன் போட்டிருக்கும், டவுன்லோட் பக்கத்துல பாத்துக்கோங்க.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போடாதீங்க ப்ளீஸ். ஏ4க்கு குறைஞ்சது 2480க்கு 3508 பிக்ஸல் வேணும், ஏ3க்கு 3508க்கு 4961. இன்டர்நெட் ஆர்கைவ்ல அதே புக்கைத் திறந்து ஜேபி2 ஃபைலா இறக்கினா பெருசா கிடைக்கும், இர்ஃபான்வியூங்கிற சாஃப்ட்வேர்ல திறந்து டிஃப்பா மாத்திக்கலாம். ஜிம்ப்ங்கிற படம் திருத்துற சாஃப்ட்வேர்ல லேசா லெவல்ஸ் (வெளிச்சம், இருட்டு அளவு) மட்டும் சரி பண்ணுங்க. தாளை பால் வெள்ளையாக்கிடாதீங்க, அந்த லேசான மஞ்சள் இல்லைன்னா பல்லி காத்துல மிதக்குற மாதிரி ஆயிடும், பாடப்புத்தகப் படம் மாதிரி.

பிரிண்ட் போடுற இடத்துல "பிக்மென்ட் இங்க்கா, டையா"னு கேளுங்க. பிக்மென்ட் தான் வேணும். பளபளப்பு போட்டோ பேப்பர் வேண்டாம், மேட், முடிஞ்சா காட்டன் தாள். முதல்ல ஏ5 சைஸ்ல ஒரு டெஸ்ட் போட்டு பச்சை சரியா வருதானு பாருங்க, எனக்கு முதல் தடவை ஓணான் மயில்கழுத்து கலர்ல வந்துச்சு. எல்லாம் முடிஞ்சதும் பின்னாடி பென்சில்ல "நகல், இன்ன புக், இன்ன தகடு, பிரிண்ட் போட்ட வருஷம்"னு எழுதிடுங்க. நாளைக்கு நம்ம பேரப்புள்ள இதை ஒரிஜினல்னு யார் தலைலயாவது கட்டிடக் கூடாது.

ஸ்டெப் 9: ஃப்ரேம்

படம் கண்ணாடில ஒட்டக்கூடாது, நடுவுல மவுன்ட் போர்டு ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கணும், அமிலமில்லாத போர்டானு கேளுங்க. தெருமுனை ஃப்ரேம் கடைல பின்னாடி அட்டைப்பெட்டியைக் கிழிச்சு வச்சு ஆணி அடிப்பாங்க, சாமி படத்துக்கு அது ஓகே, இதுக்கு வேண்டாம். அந்த அட்டைல இருந்து பழுப்பு ஏறும், கூடவே ராமபாணப் பூச்சியும் வரும். ஒரு மழைக்காலத்துல எனக்கு ஒரு உடும்போட வால் நுனியை அரிச்சுட்டுப் போயிடுச்சு, நல்லவேளை நகல். பின்பக்கத்தை பிரவுன் டேப்பால சுத்தி அடைச்சுடுங்க.

வெயில் நேரா விழற சுவர் வேண்டாம், வாட்டர்கலர் வெளுத்துடும். மழைல ஊறுற வெளிச்சுவரும் வேண்டாம். ஃப்ரேமோட பின்பக்கம் நாலு மூலைலயும் சின்னதா கார்க் துண்டு ஒட்டி சுவத்துல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கிற மாதிரி மாட்டுங்க, காத்து போகணும்.

அந்த இடைவெளில வேற ஒரு பிரச்சனை இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். நான் கார்க் ஒட்டி மாட்டின மூணாவது நாளே ஹேக்கலுக்குப் பின்னாடி நம்ம வீட்டுப் பல்லி குடியேறிடுச்சு. அம்மா தினம் அது கத்துற திசையை வச்சு பலன் வேற பாக்குறாங்க. போன மாசம் தூசி தட்டக் கழட்டினப்ப கீழ் மூலைல ரெண்டு வெள்ளை முட்டை, கார்க்கோட சேத்து ஒட்டியிருந்துச்சு. தூசி தட்டாம அப்படியே திரும்ப மாட்டிட்டேன்.